யாரும் பார்க்காத கோல்

கல்லூரி மைதானத்து வேப்பமரத்தில் ஒரு மைனாவும் ஓர் ஓணானும் இருந்தன. இரண்டுக்கும் அந்தக் கல்லூரியின் கால்பந்து அணி மேல் உயிர். அன்றும் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு.

"கோல் போடுற ஜெரோமைப் பின்னால நிறுத்தியிருக்கார் பாரு. கோச் விலைபோயிட்டார்," என்றது மைனா.

"கோச்சைச் சொல்லாதே. போன ஆட்டத்துல ஜெரோம்தான் வேணும்னே வெளியே அடிச்சான்," என்றது ஓணான்.

"நீ ஏன் அவருக்குப் பரிஞ்சு பேசுற? காலையில அவர் நாற்காலிக்கு அடியில உனக்கென்ன வேலை?"

"எறும்பு பிடிச்சேன்."

"நம்ம மரத்துல இல்லாத எறும்பா?"

ஓணானின் தொண்டை சிவந்தது. "எதிரணி பஸ் மேல உட்கார்ந்திருந்தது நீதானே?"

இரண்டும் மைதானத்தை மறந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

திடீரென்று மைதானமே அலறியது. கோச் நினைத்தபடியே, பின்னாலிருந்து ஓடிவந்த ஜெரோமை எதிரணி கவனிக்கவில்லை. கோல்! ஆட்டம் முடிந்தது. அணி பிழைத்தது.

"எப்படி விழுந்தது?" என்றது மைனா.

"நான் பார்க்கலையே. நீ?"

"நானும் பார்க்கல."

இரண்டும் எதிரணியின் கோல் கம்பத்தை எட்டிப் பார்த்தன. பிறகு மைனா குரலைத் தாழ்த்தியது. "அந்தக் கோல்கீப்பர் மூஞ்சியைப் பாரேன். வேணும்னே விட்டவன் மாதிரி இல்ல?"

ஓணான் நெருங்கி வந்து உட்கார்ந்து, பலமாகத் தலையாட்டியது.