தழும்பில் நின்ற பச்சைக் கோடு

பிரமிளா ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, கணவன் தயாளனின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாகப் போட்டிருந்த கட்டை அன்றுதான் பிரித்திருந்தார்கள். தோலுக்கடியில் பச்சையாக ஒரு கோடு ஒளிர்ந்தது.

தயாளன் பரோட்டா மாஸ்டர். அறுந்த கை நரம்பைத் தைத்தபோது, உயிருள்ள நரம்புக்குள் புகுந்து ஒளிரும் பாலிமர் நுண்துகள்களையும் செலுத்தியிருந்தார்கள். ஆய்வகத்தில் அவற்றைத் தயாரித்தவளே பிரமிளாதான். பச்சைக் கோடு தையல் தழும்பைத் தாண்டாவிட்டால், நாளை மறுபடியும் அறுவை சிகிச்சை. ஒளியைத்தான் பார்ப்பார்கள், தொட்டுப் பார்ப்பதை டாக்டர்கள் விட்டு வருஷங்களாகிவிட்டன.

"எங்க வந்திருக்கு?" கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டான் தயாளன்.

கோடு தழும்போடு நின்றிருந்தது. அதற்கப்பால் வெறும் இருட்டு.

"என்னடி சத்தத்தையே காணோம்? உன் சரக்கு லட்சணம் தெரிஞ்சுபோச்சா?"

பிரமிளாவுக்கு ஆத்திரமும் அழுகையும் பொங்கின. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மரத்துக் கிடந்த அவன் கட்டைவிரல் நுனியில் குத்தினாள்.

"ஏண்டி குத்தற?"

"எந்த விரல்ல?" என்றாள் அவள்.

"கட்டைவிரல்லதான். குத்தினது நீ, கேள்வி..." பாதியில் நிறுத்திக் கண்ணைத் திறந்தான்.

நரம்பு எப்போதோ தழும்பைத் தாண்டியிருந்தது. அது வளர்ந்த வேகத்துக்கு அவளுடைய துகள்கள்தான் ஈடுகொடுக்கவில்லை.

பிரமிளா பாய்ந்து போனை எடுத்தாள்.

"டாக்டர், நான் பண்ண துகள் பாதி வழியிலேயே படுத்துடுச்சு. சுத்த வேஸ்ட்," என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல். "ஆபரேஷனை கேன்சல் பண்ணுங்க."