அஞ்சலையின் கரண்டி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் எங்கள் கூரையெல்லாம் அத்தாப்பு ஓலை. ஒரு பொறி போதும். அதனால் கொசுவுக்கு மூட்டம் போடுவதென்றால், வீட்டைவிட்டுத் தள்ளிக் குழி வெட்டி, சுற்றிலும் செங்கல் அடுக்கித்தான் போடுவேன். படுக்குமுன் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடியும் ஊற்றுவேன். சாம்பலைத் தொட்டுப் பார்க்காமல் நகர மாட்டேன்.

அப்படியும் விடிந்ததும் பக்கத்து வீட்டு அஞ்சலை கரண்டியோடு வந்து, அடுப்புக்கு அந்தக் குழியிலிருந்தே நெருப்பு அள்ளுகிறாள்.

“நேத்தே அணைச்சிட்டேன் புள்ள.”

“அப்ப இது என்ன மாமா, செம்பருத்திப் பூவா?”

லயத்தை மேற்பார்க்கும் மண்டோர் காதில் விழுந்துவிட்டது. “கெழவா, இன்னொரு நாள் காலையில நெருப்பு கெடந்துச்சு, ரூமைக் காலி பண்ணிடு.” ஊரில் எவன் சொன்னாலும் நம்புவான், என்னை நம்ப மாட்டான்.

நேற்று இரவெல்லாம் மழை. காலையில் குழி நிரம்பித் தளும்பியது. மண்டோரை இழுத்து வந்து காட்டினேன்.

“நல்லாப் பாருங்க.”

பார்த்துத் தலையாட்டினான்.

அப்போது அஞ்சலை வந்தாள். “கொஞ்சம் நவுருங்க மாமா” என்று தண்ணீருக்குள் கரண்டியை விட்டு அள்ளினாள். கரண்டி சொட்டியது. அதில் கங்கு சிவப்பாய்க் கனிந்துகொண்டிருந்தது. மண்டோர் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவள் அதை ஊதிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.