எதிர் நாற்காலி

நானும் என் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள்.

நாங்கள் பேசிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாது. எங்களைப் பார்க்கக் கடல் தாண்டி வந்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விமானம் ஏறும்வரை தெரியக் கூடாது. அது ஒன்றில் மட்டும் எனக்கும் என் கணவருக்கும் ஒரே கருத்து. அதையும் கைப்பேசியில் எழுதித்தான் முடிவு செய்தோம்.

அறிவியல் பூங்காவின் கடைசிக் கூடம் அது. இந்தக் கோடியில் ஒரு நாற்காலி, அந்தக் கோடியில் ஒரு நாற்காலி. இரண்டும் பெரிய சட்டியை வாய் எதிர்ப்பக்கம் பார்க்கச் சாய்த்து வைத்து, அதற்குள் ஆள் உட்கார இடம் வைத்தது போல இருந்தன. நடுவில் ஒரு பள்ளிக்கூடமே கூச்சல் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இங்கே உட்கார்ந்து முணுமுணுத்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் காதில் தெளிவாக விழும். நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்காது.

எங்கள் சொந்தத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி முறைத்துக்கொண்டாலும், நாலு நாள் அவர்கள் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்று என் அப்பா அம்மாவிடம்தான் அனுப்பிவைப்பார்கள். வந்தவர்கள் திருந்தியும் போயிருக்கிறார்கள்.

நான் அவர்களுடைய ஒரே மகள். வக்கீல் கொடுத்த காகிதம் என் கைப்பையில் இருந்தது. வீட்டில் வைத்தால் அம்மா கண்ணில் பட்டுவிடும்.

காலையிலிருந்து எப்படியோ சமாளித்தாயிற்று. அவரிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னேன். என்னிடம் சொல்ல வேண்டியதை அவர் அப்பாவிடம் சொன்னார். அம்மாவும் அப்பாவும் எப்போதும் போல எல்லாவற்றையும் என்னிடமே சொன்னார்கள். நாலு பேருக்கு ஒரு நாள் முழுக்க இது போதுமானதாக இருந்தது.

தொட்டால் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும் மின்சாரப் பந்து ஒன்று இருந்தது. அம்மாவுக்கு முடியெல்லாம் எழும்பி நின்றது. அப்பாவுக்கு வழுக்கை.

"உங்கப்பாவையும் தொடச் சொல்லுடி. அங்க என்ன எழும்புதுன்னு பாப்போம்."

அப்பா காதில் விழாதது போலச் சிரித்தார். எங்களால் மட்டும் ஏன் இப்படி இருக்க முடியவில்லை என்று நினைத்தேன்.

"போய் உக்காருங்க மாப்பிள்ளை, கட்டுன பொண்டாட்டிகிட்ட பேச என்ன வெக்கம்" என்று அம்மா அவரை அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டே போனாள்.

உட்கார்ந்தோம்.

அவர் குரல் என் காதுக்குள்ளேயே வந்தது. சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைப் படித்தார். நாற்காலிமேல் ஏறி நிற்கக் கூடாது. ஈரத் துணியோடு உட்காரக் கூடாது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர்களோடு வர வேண்டும். அவ்வளவையும் கொஞ்சலாகவே சொன்னார்.

நான் வெட்கப்பட்டுத் தலை குனிந்துகொண்டேன்.

பதிலுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினாறேழில் தடுக்கி, நூற்றுப் பதினாலு என்றுவிட்டேன். அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தது போல இருந்தது. நான் நம்பவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா ஏழெட்டுப் படம் எடுத்தார்.

இன்னொரு முறை பேசச் சொல்லிவிடப் போகிறார்களே என்று என் கணவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். சட்டென்று எழுந்து வந்து, இப்போது மாமாவும் அத்தையும் உட்காரட்டும் என்றார்.

அப்பாவுக்கு உடனே கால் வலித்தது. அம்மா என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்டாள். நாங்கள் விடவில்லை. அவர் அப்பாவின் கையைப் பிடித்தார், நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். பத்தொன்பது நாளில் நாங்கள் சேர்ந்து செய்த ஒரே வேலை.

அந்தக் கோடியில் உட்கார்ந்ததும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். உதடு ஓயவில்லை. விரலை நீட்டி மிரட்டினாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மறுபடியும் தொடர்ந்தாள். நான் திரும்பி வந்து நின்ற இந்தப் பக்கம் அப்பா தோள் குலுங்கச் சிரித்து, தலையாட்டி, நடுநடுவே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். கூச்சல் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

எனக்கு ஆசையாக இருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் பேச என்னதான் மிச்சம் இருக்கிறது? தெரிந்தால் வியாழக்கிழமைக்குப் பிறகும் உதவலாம்.

அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்வது போலக் குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் என் காதைக் கொண்டுபோனேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

நாற்காலியில் கோளாறோ என்று நினைத்தேன். அப்போது அம்மா கையை ஆட்டினாள். வளையல் குலுங்கியது என் காதிலேயே ஒலித்தது. அவள் மூச்சு வாங்கியதும் கேட்டது. குரல் மட்டும் இல்லை.

அப்பாவைப் பார்த்தேன். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது. அதிலிருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை.

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பைக் கலைக்காமல், காற்றோடு காற்றாகச் சொன்னார்.

"மாப்பிள்ளை பாக்குறாரு. சிரி."

நான் சிரிப்பதற்குள், எதிர் நாற்காலியில் இருந்த அம்மா சிரித்துவிட்டாள்.