பகர அடைப்பு

"இந்த ஆறாம் வரி கல்லில் முழுசா இருந்ததாம்மா?"

புறத்தேர்வாளரின் விரல் நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றது.

அவள் அந்த வரியைப் பார்த்தாள்.

வரலாற்றுத் துறையின் சிறிய அறை அது. இளங்கலை இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வேடுகள் மேசைமீது அடுக்கப்பட்டிருந்தன. அவளுடையது மட்டும் திறந்திருந்தது. அவளுடைய ஊர் ஏரிக்கரையில் நின்ற கல்வெட்டைப் பற்றிய ஏடு.

ஏரிக்கரை தொட்டுச் சுடலைவரை எல்லார்க்கும் பொதுவான வழி.

அவ்வளவுதான் அந்த வரி.

அந்த வழியை மேலத்தெருக்காரர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலியிட்டு அடைத்துவிட்டார். அவளுடைய கீழத்தெருப் பிணங்கள் நடவு வயலில், முழங்கால் சேற்றில் இறங்கியே சுடுகாடு சென்றன. இவ்வாண்டு தெருவார் மனுக் கொடுத்தனர். சான்றாக அவளுடைய ஏட்டின் நகலை இணைத்தனர். வேறு சான்று அவர்களிடம் இல்லை.

கோட்டாட்சியர் அந்த வரியை இருமுறை படித்தாராம். வெள்ளிக்கிழமை விசாரணை முடியும்வரை வேலியைத் திறந்து வைக்கச் சொன்னார். துறையின் முத்திரை இட்ட ஏட்டை அன்று கொண்டுவரவேண்டும் என்றார்.

முத்திரை, இந்தத் தேர்வாளர் கையொப்பமிட்ட பின்னரே விழும்.

கல்லைப் போய்ப் பார்க்க வழியில்லை. மாசியில் யாரோ பெயர்த்துச் சென்றுவிட்டனர். குழி மட்டும் இருக்கிறது.

திறந்த வேலியின் வழியே முதற்பிணம் இன்று போகிறது.

செல்லாயி அத்தை. அப்பாவின் மூத்த அக்காள்.

கல்வெட்டைப் படியெடுத்த நாளில் குடம் குடமாக ஏரித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவள் அவள்தான். கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்னைக்காச்சும் அத்தை முதுகை இப்பிடித் தேச்சு விட்டிருக்கியாடி? கல்லுக்கு வந்த வாழ்வப் பாரு."

காலையில் அப்பா கைப்பேசியில் அழைத்தார்.

"நீ வராதே தாயி, பரீட்சைய முடி. சுடுகாடு போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுக்கறேன்."

தேர்வாளர் மைப்படியைக் கேட்டார்.

அவள் சுருளை விரித்தாள். கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள். கல் பொரிந்த இடத்தில் மை ஒட்டாது. ஆறாம் வரியின் நடுவே, உள்ளங்கை அகலத்திற்கு, வெறும் வெள்ளை.

அவள் அங்கே உள்ளங்கையை வைத்தாள்.

தாள் சுருளாமலிருக்க வைத்ததாகத்தான் தோன்றும். அவளுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

கல்லில் இல்லாத சொல்லை ஊகித்துச் சேர்த்தால், அதைப் பகர அடைப்புக்குள், [ ] என்ற குறிகளுக்கு நடுவே, இடவேண்டும். முதலாண்டின் முதல் பாடம். கையெழுத்துப் படியில் அவள் இட்டிருந்தாள். ஊரின் கிணற்றைச் சொல்லும் ஐந்தாம் வரியில் 'எல்லார்க்கும் பொதுவான' என்று தெளிவாக இருந்தது. ஆறாம் வரியின் வெள்ளையில் பதினோர் எழுத்துக்கு இடம் இருந்தது. அதே சொற்களை அங்கும் சேர்த்து, இருபுறமும் அடைத்தாள்.

தட்டச்சுக் கடையில் அந்த எழுத்துருவில் அடைப்பு வரவில்லை. அடைப்பை அழுத்திய இடங்களில் 'ஜ'வும் 'ஸ'வும் விழுந்தன. தட்டச்சுப் பெண் இரண்டையும் நீக்கிவிட்டாள்.

ஏடு கட்டி முடிந்து கைக்கு வந்தபின் அவள் அதைக் கண்டாள்.

கண்டும் வாளாவிருந்தாள். அடைப்பில்லாத வரி அத்தனை அழகாக இருந்தது.

மறுவாரம் அப்பா வந்து நகலெடுத்துப் போனார்.

தேர்வாளர் மைப்படியை வாய்விட்டுப் படிக்கலானார். ஒன்று. இரண்டு. கிணற்றைச் சொன்ன ஐந்தாம் வரியையும் தடங்கலின்றிப் படித்தார். அவளுடைய கையருகே வந்ததும் நிறுத்தினார்.

கையை எடுக்கும்படி அவர் சொல்லவில்லை.

அவளே எடுத்தாள்.

அவர் அந்த வெள்ளையை நெடுநேரம் நோக்கினார். பிறகு சட்டைப்பையிலிருந்த பென்சிலை எடுத்து, மேசைமீது அவள் பக்கமாக உருட்டிவிட்டார்.

அடைப்பை இட்டால் வெள்ளிக்கிழமை எதிர்த்தரப்பு வக்கீலின் விரல் முதலில் அங்கேதான் விழும். கல்லில் இல்லை, இவர்களாகச் சேர்த்துக்கொண்டது என்பார். அவர் சொல்வது பொய்யாகாது. ஊகம் சரியாகவும் இருக்கலாம் என்பதை அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

வேலி மறுபடி ஏறும்.

சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. பத்தரைக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். எதுவும் சொன்ன நேரத்திற்கு நடப்பதில்லை. பாடை இப்போதுதான் தெருமுனையைத் தாண்டியிருக்கும்.

அவள் பென்சிலை எடுத்தாள். 'எல்லார்க்கும்' என்ற சொல்லுக்கு முன்னால் இடப்புற அடைப்பை இட்டாள்.

பென்சில் அங்கிருந்து நகர்ந்தது. 'பொதுவான' என்ற சொல்லின் முடிவில் வந்து நின்றது.

ஏரிக்கரை.

ஒற்றைப் பனை.

வேலி இருந்த வளைவு.

இங்கே அடைப்பை மூடினால் அங்கே இந்த நொடியிலேயே வேலி எழும்பிவிடாது என்பதை அவள் அறிவாள். ஆயினும் கை அசையவில்லை.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

வாயிலில் அடுத்த மாணவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மணி பதினொன்று இருபத்தைந்து.

காலடியில் கிடந்த பை ஒருமுறை அதிர்ந்து அடங்கியது.

அவள் அடைப்பை மூடினாள்.