எல்லை மேப்பிள்

மார்ச் வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கிறது. ஊரெங்கும் மேப்பிள் மரங்களில் வாளிகள் தொங்குகின்றன. புதிதாய் எங்கே வெட்டினாலும் இனிப்புச் சாறு வடிகிற பருவம் இது. தேவாலயச் சபை விற்கும் நிலத்தின் ஓரத்தில், ஒரு மேப்பிளில் முதுகைச் சாய்த்து நிற்கிறார் மூப்பர் யோதாம். சாட்சிக்கு வந்த நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "இதுதான் எல்லை மரம். இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் என் சொந்த நிலம்" என்கிறார். அந்தப் பக்கம்தான் ஊற்று. பனிக்கடியில் அது களகளவென்று ஓடுவது கேட்கிறது. வாங்க வந்த ஆசகேல் தொப்பியைக் கையில் கசக்குகிறான். "ஊத்தும் சேத்துத்தான்னு போன மாசம் சொன்னீங்களே, மூப்பரே?" ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் குழைகிற அதே குரலில் யோதாம் சிரிக்கிறார். "கோயில் நிலத்துல போய் நான் பொய் சொல்லுவேனா தம்பி? நிலம் அளந்தவரு எல்லைக்கு அடையாளமா எட்டு வருஷத்துக்கு முன்னாடி போட்ட வெட்டுப்பா, நீயே பாரு." காட்டுவதற்காக அவர் நகர்கிறார். பட்டை சீவிய இடம் வெள்ளையாய்ப் பளபளக்கிறது; அவருடைய கறுப்பு அங்கியின் முதுகில் உள்ளங்கையளவு ஈரம். ஆசகேலின் மனைவி கேத்தூராள் கையுறையைக் கழற்றுகிறாள். வெட்டின் மேல் விரலை ஓட்டி, அந்த விரலை நிதானமாக நாக்கில் வைக்கிறாள்.

"எட்டு வருஷமாச்சா மூப்பரே? இன்னும் இனிக்குதே."