பாலத்துக்குப் பிள்ளை

“பாலத்துக்காக வந்திருக்கேன்க்கா. வீட்டுல பிள்ளைங்க இருந்தா கூப்பிடுங்க, உயரம் அளக்கணும்” என்றபடி, மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த ஹென்ரிக் பையிலிருந்து டேப்பை உருவினார்.

யோவித்தா வாசலை மறித்து நின்றாள். ஊர் சொன்னது சரிதான், ஆள் வந்தேவிட்டான்.

“பிள்ளைன்னு யாரும் இல்லீங்க” என்றாள். வாசல் ஓரத்தில் பெரிய மூங்கில் கூடை ஒன்று கவிழ்ந்திருந்தது. எட்டு வயது மகள் எர்லினை அதற்குள் உட்காரவைத்து, மூச்சுக் காட்டக் கூடாது என்று மிரட்டி, மேலே காப்பிச் சாக்கை விரித்து இன்னும் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஃபுளோரஸ் தீவின் மலையூர்களில் இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஆற்றுக்குள் தூண் நிற்க வேண்டுமென்றால் அடியில் ஒரு பிள்ளையின் தலை வேண்டும். போன மழைக்கு, கீழே நெடுஞ்சாலைப் பாலத்துக்குத் தூண் இறக்கிய அதே வாரம்தான், தெப்பத்தில் பள்ளிக்கூடம் போன அவளுடைய மூத்தவன் கானிஸ் திரும்பி வரவில்லை.

தெப்பம் கவிழ்ந்தது என்றார் பாதிரியார். பாலம் எடுத்துக்கொண்டது என்றது ஊர். உடம்பே கிடைக்காததால் யோவித்தா ஊரைத்தான் நம்பினாள். ஆறு இரையும்போதெல்லாம் “அம்மா” என்று அவன் கூப்பிடுவது அவளுக்குக் கேட்கும்.

“எதிர்வீட்டுலயும் இல்லைன்னாங்க, பக்கத்து வீட்டுலயும் இல்லைன்னாங்க. பிள்ளையே பெத்துக்காத ஊரா இருக்கே” என்று ஹென்ரிக் சிரித்தார். நல்ல சிரிப்புதான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

கொடியில் சிவப்பு அரைக்கால்சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட உடுப்பு.

“அப்ப இது யாருதுக்கா?”

“என் மகனோடது. ஆத்தோட போயிட்டான்.” அவள் அதை நீவிவிட்டாள். “வாராவாரம் துவைச்சுப் போடறேன். வந்துட்டா போட்டுக்க வேணும்ல.”

அவர் டேப்பை மடக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வந்தவரைக் காப்பி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை. கொண்டுவந்து நீட்டினாள், அவர் வாங்கிக்கொண்டார்.

“தெப்பத்துல அவன் எதைப் பிடிச்சுக்குவான்?”

“மேல கட்டின கயித்தை. கை எட்டாது, பாவம். எக்கி எக்கிப் பிடிப்பான்.”

ஹென்ரிக் தம்ளரைக் கீழே வைத்தார். “இப்ப அதுல போற பிள்ளைங்க யாருமே இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே. எனக்கு யாருமே இல்ல.”

கூடை லேசாக அசைந்தது. யோவித்தா இருமிக்கொண்டே போய் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரிக்கா. அப்ப அடுத்த ஊருக்கே கொடுத்துடச் சொல்றேன்” என்று அவர் எழுந்தார்.

“எதை?”

“தொங்குபாலத்தை. கரைக்குக் கரை கம்பி, ஆத்துக்குள்ள ஒரு தூண் கிடையாது. தூண் நட்டா தண்ணி முட்டித் திரும்பிக் கரையை அரிக்குது. ஆறும் கெடுது, பாலமும் நிக்கமாட்டேங்குது. இனிமே நடந்து போறவங்களுக்கு இப்படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்கற ஊருக்குத்தான் முதல்ல. கைப்பிடி அதுங்களுக்கு எட்டணுமேன்னுதான் உயரம் கேட்டேன்.”

“தூண் கிடையாதா?” என்று அவள் முனகினாள். தூண் இல்லையென்றால் தலையும் வேண்டாம். ஆனால் இந்த ஆளை நம்பலாமா? ஒரு பிள்ளையை ஏற்கெனவே பறிகொடுத்தவள் கூடையை விட்டு நகரவில்லை.

ஹென்ரிக் தெப்பத்தை நோக்கி இறங்கத் தொடங்கினார். மலைமேல் மழை பிடித்திருந்தது. தண்ணீர் செம்மண் நிறமாகி இரைச்சல் ஏறியது.

“அம்மா.”

யோவித்தா எப்போதும்போல் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். குரல் அங்கிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னால், கூடைக்குள்ளிருந்து வந்தது.

“நான் இருக்கேன்னு சொல்லும்மா.”