பக்கத்து நிலம்

"யாரைக் கேட்டு என் நிலத்துல கை வச்சீங்க?"

வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் தம்பி கத்தினார். ஒன்பது வருடம் கழித்து அண்ணனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

குளக்கரையில் படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தார். "வா. வெயில்ல நிக்காதே."

"உபசாரமெல்லாம் வேண்டாம். வாரப் பத்திரிகை அட்டையில நீங்க வரைஞ்ச படத்தைப் பார்த்தேன். அதுல உள்ள இரட்டைப் பாறை என் பங்குல இருக்கறது!"

"இன்னும் அதே பத்திரிகைதான் வாங்கறியா?"

"பேச்சை மாத்தாதீங்க. உங்க நிலம் அதோ, முள்ளு மண்டிக் கிடக்கே, அது!"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். "அடடா! அப்போ மொத்தமும் ஒரே முள்ளுக்காடு. எல்லை தெரியல. தப்பு நடந்துபோச்சு."

"யாருக்குக் காது குத்தறீங்க? பாகம் பிரிச்சப்போ விட்டதை இப்படி வளைக்கப் பார்க்கறீங்களா?"

தம்பி விறுவிறுவென்று நிலத்தைச் சுற்றி வந்தார். தூர்வாரிய குளத்தில் தண்ணீர் நின்றது. சரிவில் மண் அரிக்காமல் கல் அடுக்கியிருந்தது. தோள் உயரத்துக்கு மரக்கன்றுகள். கொட்டகை வாசலில் ஒரே ஒரு மண்வெட்டி, உள்ளே ஒரே ஒரு தட்டு. அண்ணி இறந்தபோதுகூடத் தான் வராதது அவருக்கு நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது சுருதி இறங்கியிருந்தது. "அப்பா காலத்துலகூட இவ்வளவு தண்ணி நின்னதில்லண்ணே."

"டீ குடி." அண்ணன் நீட்டிய டம்ளரில் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

கொட்டகைச் சுவர் முழுக்கப் படங்கள். எல்லாமே இந்த நிலம்தான்.

"நீங்க எப்போ வரையக் கத்துக்கிட்டீங்க? ஸ்கூல்ல ஆப்பிள் வரைஞ்சா வாத்தியார் பூசணியான்னு கேட்பாரே!"

அண்ணன் சிரித்தார். "முள்ளை வெட்ட வெட்ட தினமும் புதுசா ஏதாவது கண்ணுல படும். ஒரு நாள் ஊற்று, ஒரு நாள் குருவிக் கூடு. வந்து சொல்ல ஆளில்ல. அதான் வரைஞ்சு வச்சேன். உனக்கு எது பிடிக்குதோ எடுத்துக்கோ."

மூலையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த படத்தருகே தம்பி போனார்.

"அது வேண்டாம்டா! முதல் படம். சரியா வரல." அண்ணன் அவசரமாகக் கை நீட்டினார்.

அதற்குள் தம்பி திருப்பிவிட்டார். ஐந்து வருடத்துக்கு முந்தைய தேதி. படம் முழுக்க முள். நடுவே ஓரிடத்தில் மட்டும் முள் விலகியிருக்க, எல்லைக்கல் பளிச்சென்று நின்றது. பாகம் பிரித்த அன்று அதில் எழுதிய தம்பி பெயரின் முதல் எழுத்தும் அச்சுப் பிசகாமல் இருந்தது.

"அண்ணே... அப்போ முதல் நாளே உங்களுக்குத் தெரியும்?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "என் நிலத்தைத் திருத்தியிருந்தா நீ எதுக்குடா வரப்போற? இதுல கை வச்சா, சண்டை போடவாவது வருவேன்னு பார்த்தேன்."